தூரம் சொல்லும் பைனாகுலர்: பெரிய விலங்கு வேட்டைக்கு வாங்கும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முறையாக உரிமம் எடுத்து மான், எல்க், மூஸ், காட்டுப்பன்றி போன்ற பெரிய விலங்குகளை வேட்டையாடுகிறவர்களுக்கு எழுதியது இது. லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் உள்ளேயே பொருத்தப்பட்ட பைனாகுலரைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். எனக்கு இதில் ஒரு சாய்வு உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. லேசர் எவ்வளவு தூரம் போகும் என்பதைவிட, மாலை மங்கிய பிறகும் கண்ணாடி எவ்வளவு நேரம் காட்டும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இந்தக் கருவி உண்மையில் எப்படி வேலை செய்கிறது?

வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண பைனாகுலர்தான், கொஞ்சம் தடிமனாக இருக்கும். கண்ணை வைத்ததும் நடுவில் ஒரு சின்ன வட்டமோ சதுரமோ தெரியும். அதை விலங்கின் மேல் வைத்துப் பட்டனை அழுத்தினால் தூரம் எண்ணாக வந்து நிற்கும். அந்த நேரத்தில் உள்ளிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் துடிப்புகள் கிளம்பிப் போய், விலங்கின் மேல் பட்டு, அதில் ஒரு துளி திரும்பி வருகிறது. போய்வர எடுத்த நேரத்தை வைத்துத்தான் கணக்கு. ஒளி நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. 300 மீட்டரில் நிற்கும் மானைத் தொட்டுவிட்டுத் திரும்ப அதற்கு 2 மைக்ரோநொடி போதும். ஒரு மீட்டர் பிசகாமல் சொல்ல வேண்டுமென்றால், கருவி சுமார் 7 நானோநொடி வித்தியாசத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். கையடக்கப் பெட்டிக்குள் இது நடக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

வேட்டைக்காரர்களின் கைக்கு இப்படி ஒரு பைனாகுலரைக் கொண்டுவந்தது லைக்கா. 1992-இல் வந்த ஜியோவிட்தான் அது. இப்போது ஸ்வரோவ்ஸ்கி, ஸைஸ், வோர்டெக்ஸ், சிக் சாவர், லியூபோல்ட் என்று பலரும் செய்கிறார்கள்.

தனி ரேஞ்ச்ஃபைண்டர் ஏற்கெனவே வைத்திருக்கிறேன். அது போதாதா?

பலருக்குப் போதும். தனிக் கருவி பாக்கெட்டில் அடங்கும், எடை சுமார் 200 கிராம்தான். கெட்டுப்போனால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், பைனாகுலருக்கு ஒன்றும் ஆகாது.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், விலங்கைக் கண்ட பிறகு வரும் அந்த அரை நிமிடத்தில். எதிர்ச் சரிவில் புதர் ஓரத்தில் ஒரு மான் நிற்பதைப் பைனாகுலரில் கண்டுவிட்டீர்கள். உடம்பு முழுக்கத் தெரியவில்லை, காதும் கழுத்தும் மட்டும்தான். இப்போது பைனாகுலரை இறக்கிவிட்டு, பாக்கெட்டில் கைவிட்டு ரேஞ்ச்ஃபைண்டரை எடுத்து, அதன் குறுகிய ஒற்றைக் கண்ணில் அதே புதரைத் தேட வேண்டும். நூறு புதர்களில் எது என்று கண்டுபிடிப்பதற்குள் மான் இரண்டடி நகர்ந்திருக்கும். கையை ஆட்டியதே அதன் கண்ணில் பட்டிருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் பார்வையை எடுக்காமல் விரலை மட்டும் அழுத்தினால் முடிந்தது. கூடுதல் காசு இந்த ஒரு வசதிக்குத்தான். பெட்டியில் எழுதியிருக்கும் மற்ற வசதிகளெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்.

அடர்ந்த காட்டில்தான் வேட்டையாடுகிறேன். எனக்கும் வேண்டுமா?

வேண்டாம் என்றுதான் சொல்வேன். 308 வின்செஸ்டர் போன்ற ஒரு ரைஃபிளை 200 மீட்டருக்குக் குறி சரிசெய்து வைத்திருந்தால், சுமார் 230 மீட்டர் வரை குண்டு பார்வைக்கோட்டுக்கு மேலும் கீழுமாக ஆறேழு சென்டிமீட்டருக்குள்தான் போகும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி 20 முதல் 25 சென்டிமீட்டர் அகலம். அந்தத் தூரத்துக்குள் 120 மீட்டரா 170 மீட்டரா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதால் எதுவும் மாறாது. மரத்துக்கு மரம் பார்வை மறைக்கும் காட்டில் நல்ல 8x42 சாதாரண பைனாகுலரே (இந்த எண்களின் பொருள் கீழே வரும்) சிறந்தது. மிச்சக் காசில் தோட்டா வாங்கிப் பயிற்சி எடுங்கள்.

மலைச்சரிவு, புல்வெளி, பாலைநிலம் என்றால் கதை வேறு. அதே ரைஃபிளில் 300 மீட்டரில் குண்டு சுமார் 27 சென்டிமீட்டர் இறங்கும். 400 மீட்டரில் ஏறக்குறைய 80. கண்ணால் மதிப்பிட்டு 400 என்று நினைத்து, ரைஃபிளின் மேல் இருக்கும் குறிநோக்கியான ஸ்கோப்பை அந்தத் தூரத்துக்குத் திருப்பிவைத்து, உண்மையில் மான் 440-இல் நின்றால், குண்டு 15 சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்து போகும். நெஞ்சை நோக்கிச் சுட்டது காலில் போய்ப் படலாம். பள்ளத்தாக்கைத் தாண்டிப் பார்க்கும்போது 40 மீட்டர் பிசகாமல் மதிப்பிடும் கண் எனக்கு இல்லை. இருப்பதாகச் சொல்பவர்களிடம் ரேஞ்ச்ஃபைண்டரைக் கொடுத்துப் பந்தயம் கட்டிப் பார்த்திருக்கிறேன், நான் தோற்றதில்லை.

பெட்டியில் 5000 என்று போட்டிருக்கிறதே, அவ்வளவு தூரத்து மானை அளக்குமா?

அளக்காது. அந்த எண் பளிச்சென்று ஒளியைத் திருப்பும் பொருளுக்கானது. சாலைப் பலகை, வெள்ளைச் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வோர்டெக்ஸ் ஃப்யூரி 5000 என்ற பெயரில் இருக்கும் 5000 அப்படிப்பட்ட பொருளுக்கான கெஜக் கணக்குதான். விலங்கின் மயிர் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடித்துவிடும், திரும்பி வருவது சொற்பம். விவரப் பட்டியலில் பொதுவாக மூன்று எண்கள் இருக்கும்: பளபளப்பான பொருளுக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று, மானுக்கு ஒன்று. மூன்றாவதை மட்டும் பாருங்கள். அது பெரும்பாலும் முதல் எண்ணில் பாதிகூட இருக்காது. மானுக்கான எண் எங்கேயும் இல்லையென்றால் நான் அந்தக் கருவியைத் தள்ளி வைத்துவிடுவேன்.

அந்த மூன்றாவது எண்ணும் நல்ல சூழலில் கிடைத்தது. நடுப்பகல் வெயிலில் அது குறையும், ஏனென்றால் சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு இருக்கிறது, கருவிக்குள் இருக்கும் உணரி அதையும் சேர்த்து வாங்கிக்கொண்டு திணறும். பனி மூடிய வெளியில் வெயில் அடித்தால் இன்னும் மோசம். மேகமூட்டத்திலும் அந்தி நேரத்திலும் அதே கருவி கணிசமாக அதிகத் தூரம் அளக்கும். ஆகையால் கடை வாசலில் மதிய வெயிலில் ஒரு முறை முயன்றுவிட்டு இது உதவாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நீங்கள் சுடும் அதிகபட்சத் தூரத்தைப்போல் இரண்டு மடங்கு, மானுக்கான எண்ணாக இருந்தால் எல்லா வெளிச்சத்திலும் சமாளிக்கலாம். இது என் கணக்கு, விதி அல்ல.

‘பீம் டைவர்ஜன்ஸ்’ என்று ஒன்று போட்டிருக்கிறார்கள். அதைப் பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பாருங்கள். விற்பனையாளர்கள் இதைப் பற்றிப் பேசுவது குறைவு. ஆனால் தவறான எண்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகின்றன.

லேசர் என்றால் ஊசிபோல் நேராகப் போகும் என்று நினைக்கிறோம். இல்லை. டார்ச் வெளிச்சம்போல் அதுவும் போகப்போக விரியும். அந்த விரிவை மில்லிரேடியனில் சொல்வார்கள். 1 மில்லிரேடியன் என்றால் 1000 மீட்டரில் 1 மீட்டர் அகலம். ஒரு கருவியில் 2 x 0.5 என்று இருந்தால், 600 மீட்டரில் அதன் ஒளிக்கற்றை 1.2 மீட்டர் ஒரு பக்கம், 30 சென்டிமீட்டர் மறுபக்கம். பக்கவாட்டில் நிற்கும் மானின் உடல் மேலிருந்து கீழாக அரை மீட்டர்கூட இருக்காது. நீண்ட பக்கம் செங்குத்தாக இருந்தால் கற்றையின் பாதிக்கு மேல் மானுக்கு மேலும் கீழும் போய்விடும். கிடையாக இருந்தால் மானின் நீளத்தோடு ஓரளவு பொருந்தும். எண்ணோடு இந்தத் திசையையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மான் மலைச்சரிவில் நின்றால் இது பெரிய தொந்தரவில்லை, பின்னால் இருக்கும் மண்ணும் சில மீட்டரில்தான் இருக்கும். மலை முகட்டில் வானத்தை ஒட்டி நிற்கும் மானும், சமவெளியில் புல்லுக்கு நடுவே நிற்கும் மானும்தான் ஏமாற்றும். முன்னால் இருக்கும் புல்லில் பட்டு 310 வரும், பின்னால் இருக்கும் மேட்டில் பட்டு 460 வரும், மான் இருப்பதோ 380-இல். அதனால் ஒரே எண்ணை நம்பாமல் மூன்று தடவை அழுத்துங்கள். விலங்கின் காலடி மண்ணையும், பக்கத்தில் இருக்கும் பாறையையும் அளந்து ஒப்பிடுங்கள். முதலில் படும் பொருளைச் சொல்லும் முறை, கடைசியில் படும் பொருளைச் சொல்லும் முறை என்று சில கருவிகளில் மாற்றிக்கொள்ளலாம். புதருக்குப் பின்னால் நிற்கும் விலங்குக்குக் கடைசிப் பொருள் முறை உதவும். நடந்துகொண்டே இருக்கும் விலங்குக்குப் பட்டனை அழுத்திப் பிடித்தால் எண் ஓடிக்கொண்டே இருக்கும் ஸ்கேன் முறை.

காத்திருந்து வேட்டையாடுகிறவர் என்றால் இன்னும் எளிது. உட்கார்ந்தவுடன் சுற்றியிருக்கும் பாறை, காய்ந்த மரம், ஓடைத் திருப்பம் எல்லாவற்றையும் அளந்து ஒரு துண்டுத் தாளில் படம்போல் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். விலங்கு வரும்போது பட்டனைத் தொடவே தேவைப்படாது.

8x42, 10x42, 10x50, 10x32: எதை எடுப்பது?

திறந்த நிலத்துக்குப் பெரும்பாலோர் 10x42 எடுக்கிறார்கள். நானும் அதுதான் வைத்திருக்கிறேன். ஆனால் காரணம் தெரிந்து எடுங்கள்.

முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது முன் லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலால் வகுத்தால் கண்ணுக்கு வந்துசேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 10x42-க்கு 4.2 மில்லிமீட்டர், 8x42-க்கு 5.25, 10x50-க்கு 5, 10x32-க்கு 3.2. இருட்டத் தொடங்கும்போது நம் கண்மணி விரிகிறது. இளம் வயதில் 7 மில்லிமீட்டர் வரை விரியும், வயது ஏற ஏற அது குறைந்துகொண்டே வரும். ஐம்பதைத் தாண்டியவருக்கு 5-க்கு மேல் வரும் ஒளிவட்டம் பெரும்பாலும் வீண்தான். ஆனால் 3.2 என்பது யாருக்குமே அந்தி நேரத்தில் போதாது. பெரிய விலங்குகள் வெளியே வருவது விடியலிலும் அந்தியிலும் என்பதால், எடை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக 10x32 எடுப்பதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். நாள் முழுக்க உயரமான மலைகளில் ஏறுகிறவர் என்றால் சரி.

8x-இல் பார்வைப் பரப்பு அகலம், கை நடுக்கமும் குறைவாகத் தெரியும். 1000 மீட்டரில் 8x42 ஏறக்குறைய 130 மீட்டர் அகலத்தைக் காட்டினால் 10x42 சுமார் 110 மீட்டர்தான் காட்டும். காடும் வெட்டவெளியும் கலந்த நிலத்தில் நான் 8-ஐத்தான் சொல்வேன்.

அப்புறம், எண் ஒன்றாக இருந்தாலும் கண்ணாடி ஒன்றல்ல. இரண்டு 10x42-ஐ மாலையில் அடுத்தடுத்து வைத்து ஒரு மர நிழலுக்குள் பாருங்கள். ஒன்றில் நிழல் வெறும் கறுப்பாக இருக்கும். இன்னொன்றில் அதே நிழலுக்குள் கிளை, இலை, ஒரு காதின் வளைவு என்று பிரிந்து தெரியும். கடை விளக்கொளியில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. வாங்கும் முன் வெளியே எடுத்துப் போய்ப் பார்க்க விடுகிறார்களா என்று கேளுங்கள்.

ஒரு குழலில் படம் லேசாக நிறம் மாறித் தெரிகிறது. பழுதா?

பழுது இல்லை. லேசரையும் எண்ணையும் அந்தக் குழலுக்குள் கொண்டுவர ப்ரிசத்தில் சிறப்புப் பூச்சு ஒன்று வேண்டும். அது கொஞ்சம் ஒளியைத் தின்றுவிடும், லேசாக நீலமோ மஞ்சளோ சாயும். இரண்டு கண்ணாலும் பார்க்கும்போது தெரியாது. தெரிகிற அளவுக்கு இருந்தால் வேறு மாடலைப் பாருங்கள்.

டிஸ்ப்ளே எப்படி இருக்க வேண்டும்?

பழைய கருவிகளில் எல்சிடி கறுப்பு எண்கள் வரும். பகலில் அருமை. அந்தியில் கறுத்த மரத்தின் மேல் கறுப்பு எண், என்ன பிரயோசனம்? இப்போது பெரும்பாலும் தானே ஒளிரும் சிவப்பு எண்கள்தான். அதில் பார்க்க வேண்டியது வெளிச்சத்தை எவ்வளவு குறைக்க முடிகிறது என்பதை. மிகப் பிரகாசமான எண் அந்தி நேரத்தில் கண்ணைக் கூசவைத்து, பின்னால் நிற்கும் விலங்கையே மறைத்துவிடும். தானாகச் சரிசெய்துகொள்ளும் வசதி இருந்தாலும் கையால் குறைக்கும் வழியும் இருக்கட்டும்.

குறிவட்டத்தின் அளவையும் பாருங்கள். 500 மீட்டர் மானை முழுக்க மூடிவிடும் தடித்த சதுரத்தால் எதை அளக்கிறோம் என்றே தெரியாது.

மேட்டிலும் பள்ளத்திலும் சுடும்போது காட்டும் இரண்டாவது எண் என்ன?

புவியீர்ப்பு குண்டை இழுப்பது கிடைமட்டத் தூரத்தைப் பொறுத்துத்தான். சரிவில் 30 டிகிரி கீழே நிற்கும் மான், நேர்க்கோட்டில் 400 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கிடைமட்டத் தூரம் 346 மீட்டர்தான். 400-க்கு என்று திருப்பிச் சுட்டால் குண்டு 20 சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்து போய்விடும். மேல்நோக்கிச் சுட்டாலும் அப்படியேதான், உயரேதான் போகும். கீழே சுட்டால் தாழ்ந்து போகும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கருவிக்குள் இருக்கும் சாய்வுமானி கோணத்தை அளந்து, சுடுவதற்கான தூரத்தைத் தனியாகக் காட்டுகிறது. ஒவ்வொரு நிறுவனமும் இதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது, விஷயம் ஒன்றுதான். இந்த வசதி இல்லாததை மலை வேட்டைக்கு வாங்க வேண்டாம்.

10 டிகிரி சரிவு என்றால் 400 என்பது 394 ஆகும், அவ்வளவுதான். வில் வேட்டைக்காரர்களுக்கும் இதைப் பெரிதாகச் சொல்லி விற்கிறார்கள். 6 மீட்டர் உயர மரப்பரணிலிருந்து 20 மீட்டரில் நிற்கும் மானுக்கு வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. மரத்துக்கு நேர்கீழே வந்துவிட்ட விலங்குக்குத்தான் அது கணிசமாகும். வில்லுக்கு முக்கியம் குறைந்தபட்சத் தூரம். சில கருவிகள் 10 மீட்டருக்குள் எண்ணே காட்டாது.

பாலிஸ்டிக் கணக்குப் போட்டுத் தரும் மாடல் தேவையா?

தூரம், கோணம், வெப்பநிலை, காற்றழுத்தம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, ஸ்கோப்பை எத்தனை க்ளிக் திருப்ப வேண்டும் என்று சொல்லும் கருவிகள் இப்போது சாதாரணமாகிவிட்டன. அப்ளைடு பாலிஸ்டிக்ஸ் மென்பொருளை லைக்கா, வோர்டெக்ஸ், சிக் சாவர் எல்லோரும் சில மாடல்களில் வைத்திருக்கிறார்கள். போனில் உங்கள் ரைஃபிளின் விவரங்களை உள்ளிட்டு ப்ளூடூத் வழியாகப் பைனாகுலருக்கு அனுப்ப வேண்டும்.

350 மீட்டருக்குள் சுடுகிறவருக்கு இது அவசியமில்லை. ரைஃபிளின் மேல் ஒட்டிவைத்த சின்ன அட்டவணை போதும். அந்த அட்டவணைக்குப் பேட்டரியும் தேவையில்லை. அதற்கு மேல் சுடுகிறவர், அடிக்கடி வேறுவேறு உயரங்களுக்குப் பயணிக்கிறவர் என்றால் உண்மையிலேயே பயன்படும். ஆனால் குண்டின் வேகத்தைத் தோட்டாப் பெட்டியிலிருந்து எடுத்துப் போடாதீர்கள். அது நிறுவனத்தின் சோதனைக் குழலில் வந்த வேகம். உங்கள் ரைஃபிளில் க்ரோனோகிராஃப் வைத்து அளந்த எண்ணைப் போடுங்கள்.

ஒரு சின்ன விஷயம்: கருவிக்குள் இருக்கும் வெப்பமானி கருவியின் சூட்டைத்தான் அளக்கிறது. கோட்டுக்குள் மார்போடு அணைத்து வைத்திருந்த பைனாகுலரை எடுத்து உடனே அளந்தால், வெளியே உறைபனி இருந்தாலும் அது வசந்தகாலம் என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போடும். சிறிது நேரம் வெளியே தொங்கவிடுங்கள்.

காற்றை இந்தக் கருவி அளக்காது என்பதையும் மறக்க வேண்டாம். மணிக்கு 16 கிலோமீட்டர் பக்கக் காற்று, 400 மீட்டரில் அந்த 308 குண்டை 30 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிவிடும். தூரத்தை ஒரு மீட்டர் துல்லியமாகத் தெரிந்துகொண்டு காற்றில் கோட்டை விட்டவர்கள் நிறையப் பேர்.

மீட்டரா கெஜமா?

சிரிக்காதீர்கள், இதில் நானே மாட்டியிருக்கிறேன். இரவல் வாங்கிய பைனாகுலரோடு பயிற்சித் திடலுக்குப் போயிருந்தேன். 25 சென்டிமீட்டர் இரும்புத் தகடு, எண் 400 என்று வந்தது. என் அட்டவணை மீட்டரில். 400-க்குத் திருப்பிச் சுட்டேன், சத்தம் இல்லை. இன்னொன்று, சத்தம் இல்லை. மூன்றாவது குண்டுக்குப் பக்கத்தில் இருந்தவர் தன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “தகட்டுக்கு மேலேயே போகுதுங்க, மண்ணு பறக்குது பாருங்க” என்றார். எண்ணுக்குப் பக்கத்தில் கடுகளவு எழுத்து ஒன்று இருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். கெஜம். 400 கெஜம் என்பது 366 மீட்டர். குண்டு 15 சென்டிமீட்டர் உயரே போயிருக்கிறது. அங்கே தகடாக இருந்தது நல்லதாகப் போயிற்று. பேட்டரி மாற்றினால் சில கருவிகள் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் அந்த எழுத்தைப் பாருங்கள்.

லேசர் விலங்கின் கண்ணுக்குத் தெரியுமா? கண்ணைக் கெடுக்குமா?

தெரியாது. பெரும்பாலான கருவிகள் 905 நானோமீட்டர் அலைநீளத்தில் வேலை செய்கின்றன. மனிதக் கண்ணுக்கும் மான் கண்ணுக்கும் அது எட்டாத அகச்சிவப்பு. பாதுகாப்பு வகை 1 என்று குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அதுதான் கண்ணுக்குத் தீங்கற்ற வகை. மானை உஷார்ப்படுத்துவது லேசர் இல்லை, உங்கள் கை அசைவும் பட்டன் சத்தமும்தான்.

மழை, மூடுபனி, பனிப்பொழிவில்?

துளிகளே லேசரைத் திருப்பி அனுப்பிவிடும். மூடுபனியில் 20 மீட்டர், 35 மீட்டர் என்று பொய் எண்கள் வரும். சில கருவிகளில் அருகிலிருந்து திரும்பி வரும் ஒளியை ஒதுக்கும் முறை இருக்கிறது, லேசான மழைக்கு அது உதவும். அடர்ந்த பனிமூட்டத்தில் எதுவும் உதவாது. அன்றைக்குத் தூரத்தில் சுடவும் கூடாது.

ரைஃபிள் ஸ்கோப்பிலேயே பார்த்துக்கொண்டால் என்ன?

இதை யார் கேட்டாலும் எனக்குக் கோபம் வரும். ஸ்கோப்பில் எதைப் பார்த்தாலும் குழலும் அங்கேதான் நீட்டியிருக்கிறது. புதரில் அசைந்தது இன்னொரு வேட்டைக்காரராக இருந்தால், அவர் மேல் துப்பாக்கியைக் குறிவைத்துவிட்டீர்கள். என்ன விலங்கு, ஆணா பெண்ணா, பின்னால் யாராவது இருக்கிறார்களா என்பதெல்லாம் பைனாகுலரில் தீர்ந்த பிறகுதான் ரைஃபிளைத் தொட வேண்டும்.

சட்டப்படி அனுமதி உண்டா?

பைனாகுலருக்குப் பல இடங்களில் தடையில்லை. துப்பாக்கியோடு பொருத்தும் மின்னணுக் கருவிகளுக்குத்தான் கட்டுப்பாடு அதிகம். உதாரணமாக அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், பெரிய விலங்கு வேட்டையில் துப்பாக்கியிலோ ஸ்கோப்பிலோ மின்னணுக் கருவி பொருத்தியிருக்கக் கூடாது. ஒளிரும் குறிக்கோடு உள்ள ஸ்கோப்புகளுக்கு விலக்கு உண்டு. தூரம் அளக்கும் ஸ்கோப்பா பைனாகுலரா என்று யோசிக்கிறவர்களுக்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் உரிமத்தோடு வரும் அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் படித்துவிடுங்கள்.

எடை, முக்காலி, மூக்குக்கண்ணாடி?

42 மில்லிமீட்டர் மாடல்கள் ஏறக்குறைய 850 கிராமிலிருந்து ஒரு கிலோ வரை இருக்கும். கழுத்து வாரில் தொங்கவிட்டால் மாலைக்குள் கழுத்து போய்விடும். தோளில் எடையைத் தாங்கும் மார்புப் பட்டை வாங்குங்கள்.

முக்காலியில் பொருத்த வழி இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். கையில் பிடித்து 10x-இல் மலையைத் தேடுவதற்கும், அதையே முக்காலியில் வைத்துத் தேடுவதற்கும் உள்ள வித்தியாசம் பார்த்தால்தான் புரியும். கையில் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று எழுந்த சரிவில், முக்காலியில் வைத்ததும் படுத்திருக்கும் விலங்கின் காது அசைவது தெரியும். தூரம் அளப்பதும் அப்படியே. 600 மீட்டரில் கை நடுங்கினால் குறிவட்டம் மானை விட்டு நகர்ந்துகொண்டே இருக்கும்.

மூக்குக்கண்ணாடி அணிகிறவர்கள் கண் இடைவெளி, அதாவது படம் முழுக்கத் தெரிய கண்ணுக்கும் பின் லென்ஸுக்கும் இடையே இருக்கக்கூடிய தூரம், 15 அல்லது 16 மில்லிமீட்டருக்குக் குறையாததைப் பாருங்கள். குறைந்தால் ஓரத்தில் இருக்கும் எண்கள் வெட்டுப்படும்.

பேட்டரி தீர்ந்தால்?

எண் வராது, படம் வரும். பலவற்றில் சிஆர்2 லித்தியம் பேட்டரிதான். கடுங்குளிரில் பேட்டரி துவண்டுவிடும், உள்சட்டைப் பையில் ஒன்றைச் சூடாக வைத்திருங்கள். துவண்டதை வெளியே எடுத்து உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் இன்னும் சில முறை அளக்கும்.

பழையதை வாங்கலாமா?

கண்ணாடியைப் பொறுத்தவரை தாராளமாக. மின்னணுவைப் பொறுத்தவரை யோசித்து. பல நிறுவனங்கள் கண்ணாடிக்குக் கொடுக்கும் உத்தரவாதக் காலத்தைவிட மின்னணுவுக்குக் கொடுப்பது குறைவு, இரண்டாவது உரிமையாளருக்கு அது செல்லுமா என்பதும் வேறு கேள்வி. பேட்டரி அறையைத் திறந்து பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். முன் லென்ஸ் வழியாக டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு கீழே சொல்லும் கம்பச் சோதனையைப் பணம் கொடுக்கும் முன் செய்யுங்கள். ஒரு முறை கீழே விழுந்த கருவி அதில்தான் மாட்டும்.

வாங்கியாயிற்று. முதல் வாரம் என்ன செய்வது?

முதலில் டையாப்டர், அதாவது ஒரு கண்ணின் பார்வைக்கேற்பத் தெளிவைச் சரிசெய்யும் வளையம். பல மாடல்களில் இரண்டு குழல்களுக்கும் தனித்தனி டையாப்டர் இருக்கும். எண் தெரியும் கண்ணை மட்டும் திறந்து, எண் கூர்மையாகத் தெரியும்வரை அதைத் திருப்புங்கள். அதன் பிறகு நடு வளையத்தால் தொலைவில் உள்ள பொருளைத் தெளிவாக்கி, மற்றக் கண்ணின் டையாப்டரைச் சரிசெய்யுங்கள். வரிசையை மாற்றினால் எண்ணோ படமோ ஒன்று எப்போதும் மங்கலாகவே இருக்கும். கருவி சரியில்லை என்று திருப்பிக் கொடுத்தவர்களில் பாதிப் பேர் இதைச் செய்யாதவர்களாக இருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

அடுத்தது கம்பச் சோதனை. லேசர் போகும் இடமும் குறிவட்டம் காட்டும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும், சில கருவிகளில் இருக்காது. சுமார் 150 மீட்டரில், பின்னால் வெறும் வானம் மட்டும் இருக்கும்படி தனியாக நிற்கும் ஒரு கம்பத்தைத் தேர்ந்தெடுங்கள். பைனாகுலரை முக்காலியில் வைத்து ஸ்கேன் முறையைப் போடுங்கள். குறிவட்டத்தைக் கம்பத்துக்கு இடப்பக்கம் வானத்தில் வைத்து, மெல்ல வலப்பக்கம் நகர்த்துங்கள். வானத்தில் கோடுகள் மட்டும் காட்டிக்கொண்டிருக்கும். எந்த இடத்தில் எண் குதித்து வருகிறதோ அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம். பிறகு கம்பத்தின் உச்சிக்கு மேலிருந்து கீழாக. இரண்டு பக்கமும் வட்டம் கம்பத்தைத் தொடும் அதே அளவில் எண் வந்தால் லேசர் நடுவில் இருக்கிறது. இடப்பக்கம் வட்டம் தொடும் முன்பே எண் வந்து, வலப்பக்கம் கம்பத்துக்குள் நுழைந்த பிறகுதான் வருகிறதென்றால், லேசர் வட்டத்துக்கு வலப்பக்கமாகத் தள்ளிப் போகிறது. சிறிய விலகல் என்றால் மனதில் குறித்துக்கொண்டு அதற்கேற்ப வைத்து அளக்கலாம். என்னுடையது ஒரு இம்மி மேலே அளக்கும், அதனால் தூரத்து மானுக்கு வட்டத்தை முதுகில் வைக்காமல் வயிற்றுப் பக்கம் இறக்கி வைக்கிறேன். பெரிய விலகல் என்றால் உத்தரவாதக் காலம் இருக்கும்போதே திருப்பி அனுப்புங்கள்.